அன்றாட உணவும் அறிந்து உண்ணும் உரிமையும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. விலை கொடாமல் பெற்ற பொருளில் குறை தேடுவது நன்றியுடையோர்க்கு அழகன்று என்பது அதன் பொருள். பிரசங்கங்களில் இப்பழமொழியை நாமும் பலமுறை எடுத்தாண்டிருக்கின்றோம். ஆனால் சென்ற மழைக்காலத்தில் பட்டினப்பாக்கத்துத் தாய் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பின், அதனை எடுத்தாள நமக்குத் துணிவு வரவில்லை. அக்கேள்வியையும், அதற்கு விடை தேடி நாம் அறிந்துகொண்டவற்றையும் நம் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாந்தோம் பேராலயத்திற்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் வரை நீண்டு கிடப்பது பட்டினப்பாக்கத்துக் கடற்கரை. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் ஃபைபர் படகுகள் மணலில் ஏறி நிற்கும். படகு கடலில் இறங்காத நாளில் வீட்டில் வருவாயும் இல்லை, குழம்புக்கு மீனும் இல்லை. இத்தகைய நாட்களில் நம் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபையார், வறிய குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, சர்க்கரை, ஒரு லிட்டர் சமையல் எண்ணெய், மீல் மேக்கர் ஆகியவற்றைப் பையிலிட்டு வழங்குவது வழக்கம். மீன் கிடைக்காத வீட்டில் மசாலாக் குழம்பில் இட்ட மீல் மேக்கர்தான் பிள்ளைகளுக்கு மீனும் இறைச்சியுமாக அமைகின்றது.

அவ்வாறு வழங்கிய ஒரு ஞாயிறன்று, சீனிவாசபுரத்தில் மீன் விற்று வாழும் அத்தாய், பையிலிருந்து மீல் மேக்கரை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். "சாமி, சோயா எல்லாம் மாற்று விதையில் விளைகிறதாம். ஆண்பிள்ளைகள் தின்றால் ஆகாதாம். பன்னிரண்டாவது படிக்கும் என் மகன் கைப்பேசியில் காட்டினான். இது அந்த விதையா, நம் விதையா?" என்று கேட்டார்.

நாம் சற்றுச் சலிப்போடுதான் விடை கூறினோம். "அம்மா, சபையார் வீடு வீடாகச் சென்று திரட்டிய பணத்தில் வாங்கியது இது. பசிக்கு வந்த உணவை இப்படி ஆராயலாமா?" என்றோம். அவர் முகம் வாடவில்லை. "கோபித்துக்கொள்ளாதீர்கள் சாமி. என்னிடம் மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். நான் ஒருநாளும் தடுத்ததில்லை. நான் சும்மா வாங்குகிறேன்தான். ஆனால் தின்னப் போவது என் பிள்ளை அல்லவா?" என்றார்.

இதற்கு நம்மிடம் விடை இல்லை. விலை கொடுப்பவன் செவுளைப் பார்க்கலாம். விலை கொடுக்க இயலாதவன் கண்ணை மூடிக்கொண்டு உண்ண வேண்டும் என்பது எந்த நீதி? நாம் வெட்கத்தோடு, "விசாரித்துச் சொல்கிறோம் அம்மா" என்று கூறி அனுப்பினோம்.

மாற்று விதை என்பது யாது?

சோயா கீழை நாட்டுப் பயிர். சீனத்திலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாக மக்கள் உண்டு வருவது. பருப்பு வகைகளுள் புரதம் மிகுந்தது இதுவே. நூறு பங்கு சோயாவில் ஏறத்தாழ நாற்பது பங்கு புரதமும், பதினெட்டு முதல் இருபது பங்கு எண்ணெயும் உள்ளன. ஆலையில் எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சுவது பிண்ணாக்கு. அதில் பெரும்பகுதி கோழிக்கும் கால்நடைக்கும் தீவனமாகின்றது. மனிதர் உண்ணத்தக்க தூய்மையோடு எண்ணெய் நீக்கிய மாவை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிழிந்து உருட்டி உலர்த்தியதே நாம் மீல் மேக்கர் என்று அழைப்பது. எடையில் பாதியளவு புரதம் உடையது அது.

1996-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு புதிய சோயா விதை விற்பனைக்கு வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் சோயாவுக்குள் புகுத்தி உருவாக்கப்பட்ட விதை அது. கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியை வயல் முழுவதும் தெளித்தாலும் களை மட்டுமே மடியும், பயிர் நிற்கும். களை பறிக்கும் கூலி மிச்சமாயிற்று; பெரும் பண்ணைகளுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. இன்று அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா ஆகிய மூன்று நாடுகளிலும் விளையும் சோயாவில் மிகப் பெரும்பகுதி இத்தகையதே.

இதனை உண்டால் உடலுக்குத் தீங்கு நேருமா? நேர்மையாகக் கூற வேண்டுமெனில், அவ்வாறு மெய்ப்பிக்கப்படவில்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, மாற்றிய பயிரிலிருந்து பெற்ற உணவு மற்ற உணவைவிட மிகுந்த ஆபத்துடையது என்பதற்குச் சான்று காணவில்லை. அதே அறிக்கை, களைக்கொல்லிக்கு அஞ்சாத களைகள் பெருகி உழவருக்குப் பெருந்தொல்லையாய் முடிந்ததையும் எடுத்துரைக்கின்றது. கிளைஃபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அக்கருத்தை ஏற்கவில்லை. வல்லுநரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. சோயா ஆண்பிள்ளைகளுக்கு ஆகாது என்று கைப்பேசியில் சுற்றும் செய்திக்கோ ஆய்வுகளின் ஆதரவு இல்லை. அளவோடு உண்ணும் சோயா ஆண்களின் சுரப்பு நீரைக் குறைப்பதில்லை என்பதே ஆய்வுகள் கண்ட முடிவு. ஆகவே, அச்சத்தைப் பரப்புவது நம் நோக்கம் அன்று.

நம் நாட்டுச் சோயா

பாரிமுனையில் சபையார் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரியிடம் சென்று கேட்டோம். அவர் சிரித்தபடி, "மீல் மேக்கரா சாமி? அது இந்தூர்ப் பக்கத்துச் சரக்கு. நம் நாட்டு விதைதான்" என்றார். அவர் கூறியது உண்மையே என்பதைப் பின்னர் அறிந்தோம்.

நம் நாட்டில் வடக்கு மலைப்பகுதிகளில் சிறு அளவில் விளைந்துவந்த சோயா, 1960-களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடத்திய ஆய்வுகளுக்குப் பின் வயல்வெளிக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலங்களில் மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த வயல்கள் சோயாவால் பசுமையாயின. இந்தூரில் 1987-இல் சோயா ஆராய்ச்சிக்கெனத் தேசிய மையம் அமைந்தது. இன்று மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், இராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் இப்பயிர் விளைகின்றது. விளைவிப்போரில் பெரும்பாலார் சிறு உழவர்.

மரபணு மாற்றிய பயிர்களுள் நம் நாட்டில் வாணிப முறையில் பயிரிட இசைவு பெற்றது 2002 முதல் பருத்தி ஒன்றே. கத்தரிக்காய்க்கு இசைவு தரும் நிலை வந்தபோது, 2010 பிப்ரவரி 9-ஆம் நாள் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதனை நிறுத்தி வைத்தார். அக்கத்தரியை உருவாக்கும் பணியில் நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. கடுகுக்கு 2022-இல் அளித்த இசைவு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024 ஜூலை 23 அன்று நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். சோயாவுக்கோ இசைவே இல்லை. இறக்குமதியாகும் சோயா முதலிய இருபத்து நான்கு உணவுப் பயிர்களுக்கு, அவை மரபணு மாற்றாதவை என்னும் சான்றிதழ் வேண்டும் என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 முதல் விதித்துள்ளது. தற்செயலாகக் கலந்த நூற்றில் ஒரு பங்கை மட்டுமே அது பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே, உள்நாட்டுச் சோயாவிலிருந்து செய்த மீல் மேக்கர் மாற்று விதையினது அன்று. அத்தாயின் கேள்விக்கு முதற்பாதி விடை கிடைத்தது. நமக்கு மனநிறைவு உண்டாயிற்று. ஆனால் அந்நிறைவு நெடுநேரம் நிலைக்கவில்லை.

உலகம் தேடும் பொருள், உழவர் அறியாத மதிப்பு

மரபணு மாற்றாத சோயா இன்று உலகச் சந்தையில் தேடிப் பெறும் பொருள். ஜப்பானில் தோஃபு என்னும் சோயாக் கட்டியும், நாட்டோ என்னும் நொதித்த சோயாவும் அன்றாட உணவு. அங்குள்ள இல்லத்தரசிகள் மாற்றாத சோயாவையே விரும்புவதால், 2001 முதல் உறையில் அதனைக் குறிப்பிடும் சட்டம் உண்டு. 2023 ஏப்ரல் முதல், சோதனையில் சிறிதளவும் காணப்படாவிடில் மட்டுமே "மாற்றாதது" என்று எழுதலாம் என அதனை மேலும் இறுக்கினர். ஐரோப்பாவில் 2004 முதல் மாற்றிய பொருள் கலந்த உணவின் உறையில் அதனை எழுதியாக வேண்டும். எனினும் மாற்றிய சோயாவைத் தின்ற கோழியின் முட்டைக்கும் பசுவின் பாலுக்கும் அச்சட்டம் பொருந்தாது. எனவே ஜெர்மானிய மக்கள், தீவனமும் மாற்றாததாக இருந்தால் அதனை அறிவிக்கும் தனி முத்திரையை உண்டாக்கினர். இன்று அந்நாட்டுக் கடைகளில் பாலிலும் முட்டையிலும் பெரும்பங்கு அம்முத்திரையோடு விற்கின்றது.

அந்த முத்திரைக்குப் பின்னால் பெரும் உழைப்பு உண்டு. விதை, வயல், வண்டி, கிடங்கு, கப்பல், ஆலை என ஒவ்வொரு படியிலும் இருவகைச் சோயாவும் கலவாமல் காக்க வேண்டும், சோதிக்க வேண்டும், தாள் தாளாகச் சான்று எழுத வேண்டும். இச்செலவுக்காக வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கின்றனர். நம் நாட்டிலோ நாடு முழுவதும் ஒரே வகை. பிரித்துக் காக்க வேண்டிய தேவையே இல்லை. நம் சோயாப் பிண்ணாக்கை அயல்நாட்டார் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த மதிப்பு உழவரின் மடியில் வந்து விழுகின்றதா? 2024-25-ஆம் ஆண்டில் குவிண்டால் ஒன்றுக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை 4,892 ரூபாய். அவ்வாண்டு செப்டம்பரில் மத்தியப் பிரதேசச் சந்தைகளில் விலை அதற்கும் கீழே இறங்கியது. குவிண்டாலுக்கு ஆறாயிரம் ரூபாய் கேட்டு உழவர் டிராக்டர்களோடு தெருவுக்கு வந்தனர். உலகம் தேடும் பொருளை விளைவிப்பவர், உரிய விலைக்காக வீதியில் நிற்கின்றார். மீன் விலை ஏறினாலும் வலை இழுத்தவரின் பங்கு ஏறாததைக் கண்ணாரக் கண்டுவரும் நம் குப்பத்து மக்களுக்கு, இது விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி அன்று.

எண்ணெயும் முட்டையும்

பையில் மீல் மேக்கரோடு ஒரு லிட்டர் எண்ணெயும் இருந்ததல்லவா? அதுவும் சோயா எண்ணெயே. உறையை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தோம். உயிர்ச்சத்துகள் சேர்த்தமை எழுதியிருந்தது. சுத்திகரித்த ஆலையின் முகவரி இருந்தது. எந்த விதையின் எண்ணெய் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. வியாபாரியைக் கேட்டோம். இம்முறை அவர் சிரிக்கவில்லை. "எண்ணெய் கப்பலில் வருகிறது சாமி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்றார்.

நம் நாடு உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாட்டிலிருந்து வருகின்றது. சோயா எண்ணெய் மட்டும் ஆண்டுதோறும் முப்பது இலட்சம் டன்னுக்குக் குறையாமல், பெரும்பாலும் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் இறங்குகின்றது. மாற்றிய சோயாவின் எண்ணெயை இறக்குமதி செய்ய 2007-இல் அரசு இசைவளித்தது. முன்னே கூறிய இருபத்து நான்கு பயிர்களுக்கான சான்றிதழ் விதி, பயிருக்கே அன்றிப் பக்குவப்படுத்திய பொருளுக்குப் பொருந்தாது. விதைக்கு வாயிலில் காவல். எண்ணெய்க்கு வாயில் திறந்திருக்கின்றது. நன்கு சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ ஏறத்தாழ எஞ்சுவதில்லை என்று அறிவியலார் கூறுவதும் உண்மையே. ஆதலால் உடல்நலம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை என்பர். எனினும் அத்தாய் கேட்டது தீங்கு உண்டா என்று மட்டும் அன்று. இது எது என்றும் கேட்டார். அதற்கு உறை விடை கூறவில்லை.

2013 ஜனவரி முதல், மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் மேல் அதனைக் குறிப்பிட வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2018-இல், தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 65 உணவுப் பொருள்களைச் சோதித்தது. அவற்றுள் 21 பொருள்களில் மாற்றிய மரபணு காணப்பட்டது. பெரும்பாலானவை இறக்குமதியானவை, பெரும்பாலான உறைகளில் அதைப்பற்றிக் குறிப்பு இல்லை. எழுதிய சட்டம் எழுத்திலேயே நின்றது.

முட்டையின் கதை இன்னும் சிக்கலானது. நம் கடற்கரையில் விலைபோகாத பொடிமீன் உலர்ந்து கோழித் தீவனத்துக்குப் போவதை நம் மக்கள் அறிவர். அத்தீவனத்தில் புரதத்துக்குப் பெருந்துணை சோயாப் பிண்ணாக்கே. முட்டைக் கோழி ஒன்று நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். அதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை சோயா. நாமக்கல் பண்ணைகளின் முட்டைதான் நம் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டுக்கு வருகின்றது.

2021-ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சோயா விலை குவிண்டாலுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. தீவனம் வாங்க இயலாமல் கோழிப்பண்ணையாளர் கலங்கினர். முட்டையும் இறைச்சியும் ஏழைக்கு எட்டாமற் போகும் என்றனர். ஆகஸ்டில் மத்திய அரசு, மாற்றிய சோயாவின் பிண்ணாக்கு பன்னிரண்டு இலட்சம் டன்னை இறக்குமதி செய்ய முதன்முறையாக இசைவளித்தது. அரைத்து எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் முளைக்கும் உயிர் இல்லை. ஆகவே சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லை என்பது அரசு கூறிய காரணம். இசைவு வந்தபின் உள்நாட்டு விலை சரிந்தது. உழவர் புதிய விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அந்த உயர்ந்த விலை இல்லை. விலை உச்சத்தில் இருந்தபோதோ அவர்களில் பெரும்பாலாரிடம் விற்கச் சோயா இல்லை. முந்தைய அறுவடையை முன்னரே குறைந்த விலைக்கு விற்றுத் தீர்த்திருந்தனர்.

இதில் யாரைக் குறை கூறுவது? முட்டை மலிவாக வேண்டும் என்று கேட்கும் குப்பத்துத் தாயும் ஏழை. சோயாவுக்கு நல்ல விலை வேண்டும் என்று கேட்கும் மாளவத்து உழவரும் ஏழை. ஓர் ஏழையின் தட்டை நிறைக்க மற்றோர் ஏழையின் மடியைக் குறைப்பதே எளிய வழியாகத் தோன்றுகின்றது. இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தாத வழியைத் தேடுவதே நீதியுள்ள ஆட்சியின் கடமை. அவ்வழியை ஆய்ந்து கூறும் வல்லமை நமக்கு இல்லை. ஆனால் அவ்விருவருள் ஒருவரையும் மறந்துவிட்டுப் பேசலாகாது என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவோம்.

திருச்சபை கூறுவது

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015 மே 24-ஆம் நாள் கையொப்பமிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில், 133 முதல் 135 வரையுள்ள பத்திகளில் இப்பொருளைப் பற்றிப் பேசுகின்றார். சோயா அர்ஜென்டினாவின் சமவெளிகளை மூடிப் பரவிய ஆண்டுகளில் அந்நாட்டுத் தலைநகரின் பேராயராய் இருந்தவர் அவர். ஆதலின் அவருடைய சொற்களுக்குத் தனி எடை உண்டு. மரபணு மாற்றத்தை அவர் முற்றிலும் கண்டிக்கவும் இல்லை, முற்றிலும் வாழ்த்தவும் இல்லை. மனிதருக்குத் தீங்கு என்று முடிவாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றார். சில பகுதிகளில் பொருளாதாரம் வளர்ந்ததையும் குறிப்பிடுகின்றார். ஆனால் நிலம் சிலரது கையில் குவிவதும், சிறு உழவர் மறைவதும், கூலியாட்கள் நகரங்களுக்கு விரட்டப்படுவதும் அவரை வருத்துகின்றன. உழவரும் உண்போரும் அறிவியலாரும் ஆட்சியாளரும் ஒருங்கே அமர்ந்து, எதையும் மறைக்காமல் பேச வேண்டும் என்கின்றார். மறைத்த செய்தியைக்கொண்டு நேரிய முடிவுக்கு வர இயலாது என்பது அவர் கருத்தின் சாரம்.

தானப் பொருளைப்பற்றிய ஒரு நிகழ்ச்சியும் நம் சிந்தனைக்குரியது. நம் பங்கின் மூத்தோர், பள்ளி நாட்களில் பங்குக்கோயிலில் வாங்கிய அமெரிக்கக் கோதுமையையும், பால்மாவையும், எண்ணெய் டின்களையும் இன்றும் நினைவுகூர்வர். எதனால் ஆனது என்று அன்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. மாற்று விதை பிறப்பதற்கு முந்திய காலம் அது. பின்னர் 2002-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க ஆயர்கள் நிறுவிய கத்தோலிக்க நிவாரணப் பணி நிறுவனமும், கேர் நிறுவனமும் நம் ஏழைப் பிள்ளைகளுக்காக மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவைக் கொண்டுவர இசைவு கேட்டபோது, நம் அரசின் குழு மறுத்துவிட்டது. மனிதர் உண்ண அமெரிக்காவிலேயே இசைவு பெறாத ஒருவகை மக்காச்சோளம் அதில் கலந்திருக்கவில்லை என்னும் உறுதியை அக்குழு வேண்டிற்று. அத்தகைய மக்காச்சோளம் 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவுப் பொருள்களிலேயே கலந்து காணப்பட்டிருந்தது. நல்மனத்தோடு கொடுக்க வந்த நம் கத்தோலிக்க நிறுவனத்துக்கு இது வருத்தமளித்திருக்கலாம். எனினும் பெறுகின்ற நாடு பல்லைப் பிடித்துப் பார்த்தது. அது நன்றிகேடு அன்று.

இது என்ன?

விடுதலைப் பயண நூலை நினைத்துப் பாருங்கள். பாலைநிலத்தில் பசித்திருந்த மக்களுக்கு ஆண்டவர் வானத்திலிருந்து உணவைப் பொழிந்தார். விலையில்லா உணவு, விண்ணகத் தந்தை தாமே அளித்த தானம். அதனைக் கண்ட மக்கள் முதலில் செய்தது யாது? 'இது என்ன?' என்று ஒருவரையொருவர் கேட்டனர். ஆண்டவர் அக்கேள்விக்குச் சினம் கொள்ளவில்லை. மோசே அவர்களுக்கு விடை கூறினார். அக்கேள்வியே அவ்வுணவின் பெயராயிற்று: மன்னா. இறைவன் அளித்த உணவையே இது என்னவென்று கேட்கலாம் எனில், மனிதர் அளிக்கும் உணவைக் கேட்பதில் குற்றம் ஏது? மோசேயைப் போல் விடை கூற வேண்டிய இடத்தில் நின்ற நாமோ, கேட்டவரைக் கடிந்துகொண்டோம்.

ஆகவே, நம் குடும்பங்களுக்கு நாம் கூற விரும்புவன மூன்று. முதலாவது, கைப்பேசியில் வரும் அச்சச் செய்திகளை ஆராயாமல் பிறருக்கு அனுப்பற்க. மலிவான புரதத்தை ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து பொய்யால் தட்டிப் பறிப்பதும் பாவமே. இரண்டாவது, கடையில் கேளுங்கள், உறையைப் படியுங்கள், குறிப்பு இல்லையெனில் உற்பத்தி செய்தவருக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முத்திரை வந்தது வாங்குவோர் விடாமல் கேட்டதால்தான். மூன்றாவது, தருமம் செய்யும் நம் சபைகளும் அமைப்புகளும், கொடுக்கும் பொருள் எது, எங்கிருந்து வந்தது என்பதைப் பெறுவோருக்குத் தாமாகவே அறிவிக்கட்டும்.

இம்மூன்றாவதை நம் பங்கிலேயே தொடங்கினோம். சபையாரின் கூட்டத்தில் எண்ணெயைப் பற்றிப் பேச்சு எழுந்தது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வாங்கலாம் என்றனர் சிலர். கையிலுள்ள பணத்துக்கு ஒரு லிட்டருக்குப் பதில் அரை லிட்டர்தான் கொடுக்க இயலும் என்றனர் வேறு சிலர். நெடுநேரம் விவாதித்தபின், இதனைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம் அல்லர் என்பது எங்களுக்கு உறைத்தது. பை வாங்கும் தாய்மாரையே அழைத்துக் கேட்டோம். மழைமாதங்களில் அரை லிட்டர் காணாது, ஒரு லிட்டரே இருக்கட்டும் என்றனர் பலர். செவுளைப் பற்றிச் சொன்ன அத்தாயும் அதையே கூறினார். "ஆனால் சாமி, இது எதுவென்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். தெரிந்து தின்கிறோம்" என்றார்.

இப்போது ஒவ்வொரு பையிலும் ஒரு சிறு தாள் இருக்கின்றது. அரிசி எந்த ஊர் ஆலையினது, பருப்பு எவ்வகை, மீல் மேக்கர் உள்நாட்டுச் சோயா என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எண்ணெய்க்கு நேரே, 'எவ்விதையினது என்று உறையில் குறிப்பு இல்லை' என்று எழுதியிருக்கின்றோம். அவ்வரியை ஒவ்வொரு மாதமும் எழுதும்போது மனம் கூசத்தான் செய்கின்றது. உறையில் உண்மை அச்சாகும் நாள் வரை நம் தாளிலாவது அது இருக்கட்டும்.

ஆண்டவர் கற்றுத் தந்த செபத்தில் உணவை 'எனக்கு' என்று நாம் வேண்டுவதில்லை. 'எங்களுக்கு' என்றே வேண்டுகின்றோம். அந்த 'எங்களுக்கு' என்னும் சொல்லுக்குள் சீனிவாசபுரத்துத் தாயும் உண்டு, அவர் மகனும் உண்டு, ஆதரவு விலைக்காகக் காத்து நிற்கும் மாளவத்து உழவரும் உண்டு, நிலமிழந்த அர்ஜென்டினக் குடியானவரும் உண்டு. அனைவருக்கும் உரிய அவ்வுணவை, அனைவரும் அறிந்து, அச்சமின்றி, அநீதியின்றி உண்ணும் நாளை இறைவன் நமக்கு அருள்வாராக.